போகியன்று நீக்கிய பெயர்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாடி வகுப்பில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு வாய்த்த கல்வி இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு தர்ம டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் பதிவு மேசை என்னுடையது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க ஹெப்பரின் மருந்து எவ்வளவு போட வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அடுத்த முறை அந்த நோயாளி வரும்போது சிஸ்டர் திரையைப் பார்த்துத்தான் மருந்தை எடுப்பார்.

எனக்கு முன்பு இந்த மேசையில் இருந்தவர் இரண்டு ஆடிக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் போனாலும் அவருடைய ஐடி போகவில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாக் கதவுகளையும் திறக்கும் ஐடி அது ஒன்றுதான் என்பதால், நானும் அவர் பெயரில்தான் நுழைவேன். ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ‘பதிவு செய்தவர்’ என்று அவர் பெயர் அச்சாகி வரும். திதி கொடுத்து வழியனுப்பி வைத்த மனிதரைத் தினமும் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கூப்பிடுவது போல இருக்கும் எனக்கு. அச்சுத் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் டிரஸ்டின் ஹெட் ஆபீஸில் புது ஏற்பாடு வந்தது. ஊழியர்கள் எல்லாருடைய பெயரும் பாஸ்வேர்டும் ஹெட் ஆபீஸில் ஒரே டைரக்டரியில் இருக்கும். எங்கள் மையத்தின் டேட்டாபேஸ் இனி யாருடைய பாஸ்வேர்டையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. மெஷின் பக்கத்து வேலையை அங்கிருந்தபடியே ஹெட் ஆபீஸ் இன்ஜினீயர் முடித்துவிட்டார். ஆட்களை மாற்றுகிற வேலை மட்டும் என்னுடையது. போகியன்று காலை போனில் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறார்.

“சார், உங்க புது ஐடில உள்ள போங்க. வருதா?”

“வருதுங்க சார்.”

“அவ்வளவுதான். இனிமே நீங்க அடிக்கிறத அது இங்க வந்து கேக்கும். இவரு நம்ம ஆளா, சொன்ன வார்த்த சரியான்னு. எங்க அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி இன்டர்காம்ல கேப்பான்லா, அதே மாதிரிதான். இங்கன ஆமான்னு சொன்னாத்தான் அங்க கதவு தொறக்கும்.”

“ஊட்ல ஆள் இல்லன்னா சார்?”

அவர் சிரித்தார். “ஆளா சார் சொல்லுது? மெஷின்லா சொல்லுது. அது எங்க போகப்போகுது?” பிறகு சொன்னார்: “பழைய ஐடி எல்லாத்தையும் எடுத்துருங்க. அந்த அட்மின் ஐடி ஒண்ண மட்டும் தொடாதீங்க. லைன் கிய்ன் போச்சுன்னா அது ஒண்ணுதான் உள்ள விடும்.”

பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் அதை எழுதிக்கொண்டேன். ‘அட்மின் ஐடியைத் தொடக் கூடாது.’ என் கையெழுத்துதான். இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது.

அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போக மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் மையத்தைக் கூட்டித் துடைத்தேன். அன்று விடியற்காலையிலேயே சேக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் கிழிந்த பாயும் பழைய துடைப்பமும் கொளுத்தியாயிற்று. மையத்துக்கும் ஒரு போகி உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த தாள்களை வருஷம் முழுக்க ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்து, போகியன்று பின்கட்டில் எரித்துவிடுவோம். வழக்கமாக அந்த மாதத்துத் தாள்களை எடுத்து வைத்துவிடுவேன். இந்த முறை எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தேன், செவ்வாய்க்கிழமைத் தாள் உட்பட. மேசை காலியாக, சுத்தமாக இருக்கட்டும், தை பிறக்கிறது என்று மொத்தத்தையும் போட்டேன். நன்றாக எரிந்தது.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழைய ஐடிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் அந்த அட்மின் ஐடி, அதாவது இறந்துபோனவருடைய பெயர் மட்டும் தனியாக நின்றது. புது வழி வேலை செய்கிறது. நானும் இரண்டு சிஸ்டர்களும் நுழைந்து பார்த்துவிட்டோம். இனி எதற்கு இவரைக் கட்டி இழுக்க வேண்டும்? இந்த ஒரு போகியிலாவது இவர் விடுபட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். மேசையில் இருக்கும் அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டினேன். ‘போயிட்டு வாங்க அண்ணே’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த லேசு.

சிறுநீரகத்துக்குப் பண்டிகை லீவு கிடையாது. பொங்கலன்று வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கே ஆறு பேர் வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை. என் ஐடியை அடித்தேன், சிஸ்டர் தன் ஐடியை அடித்தார். அனுமதி இல்லை என்று ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. ஐந்து பேருக்குச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு மாதக்கணக்காக ஒரே அளவு, அவர்களுக்கே மனப்பாடம். ஆறாவது ஆளுக்குத்தான் செவ்வாய்க்கிழமை அளவை மாற்றியிருந்தார்கள். அவர் நெமிலிச்சேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னதால், எங்கள் டாக்டர் ஹெப்பரினில் ஏதோ மாற்றி எழுதினார். செவ்வாய் அன்று இருந்த சிஸ்டர் வேறு, அவர் ஊருக்குப் போயிருந்தார். டாக்டர் குடும்பத்தோடு விமானத்தில் இருந்தார்.

ஆட்டோக்காரர் முகம் உப்பி, மூச்சு இரைக்க வந்து என் மேசையில் கையை ஊன்றினார். பின்னால் அவர் மனைவி, கையில் மஞ்சள் கொத்தோடு.

“இன்னா சார், பொங்கலும் அதுவுமா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறே? பொட்டி தூங்குதா?”

“கொஞ்சம் இருங்க அண்ணே. தொறக்க மாட்டேங்குது.”

“எழுப்பு சார். பானைய கழுவி வெச்சிட்டு வந்துகீறோம். நான் போயித்தான் பால் ஊத்தணும்.”

வெளியே போய் இன்ஜினீயருக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே பெண்கள் குலவை போடுகிற சத்தம். அவர்கள் வாசலில் பொங்கிவிட்டது போலும்.

“சார்! பொங்கல் வாழ்த்துகள்!”

விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஐயையோ. லீவு விட்டா ஹெட் ஆபீஸ் வாட்ச்மேன் கரண்ட் மெயின எறக்கிட்டுத்தான் போவாரு. கரண்ட் இல்லாம அங்க உள்ள மெஷின் எப்படி ஆமான்னு சொல்லும்? வருசா வருசம் அப்படித்தான். அவர்ட்ட சொல்ல மறந்துட்டேன் சார், என் தப்புதான். சரி, பதறாதீங்க. அதுக்குத்தான பழைய அட்மின் ஐடிய வைக்கச் சொன்னேன். அதுல உள்ள போங்க.”

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“அத எடுத்துட்டேங்க சார்.”

அங்கே மறுபடியும் குலவை எழுந்தது.

“எடுத்துட்டீங்களா” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்வேன்? இறந்தவரை வழியனுப்பினேன் என்றா?

வேறு வழிகளையும் அவர் சொல்லிப் பார்த்தார். டேட்டாபேஸ் இருக்கிற மெஷினுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்ட் உண்டு. அது ஹெட் ஆபீஸ் பீரோவில், ஒட்டிய கவரில். பீரோ சாவியும் ஆபீஸ் சாவியும் மேனேஜரிடம். மேனேஜர் ஜோதி பார்க்கச் சபரிமலைக்குப் போனவர், இன்னும் மலை இறங்கவில்லை. போன் கிடைக்கவில்லை. சாமி காரியமாகப் போனவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே வந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“பேப்பராவது எடுங்க அண்ணா. செவ்வாக்கெழம பேப்பர்.”

“நேத்து கொளுத்திட்டேன் சிஸ்டர்.”

“எல்லாத்தயுமா?”

“எல்லாத்தயும்.”

ஆட்டோக்காரர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார். “அந்த மருந்து பத்தி டாக்டர் இன்னாவோ சொன்னாரு சார். கொறைக்கணும்னாரா, வோணாம்னாரா… இங்லீஸ்ல பேசிகினாங்க, எனக்கு வெளங்கல.”

அப்போது ஆட்டோக்காரர் என்னைக் கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

“நீ தானே சார் டைப் அடிச்சே? இன்னா எழுதினாருன்னு உனுக்கு ஞாபகம் இல்லியா?”

கண்ணை மூடினேன். அம்மா, தாயே, அந்த ஒரு வரியை மட்டும் காட்டு என்று கேட்டேன். அந்தத் தாள் எனக்குத் தெரிந்தது. மூலையில் டீக் கறை. டாக்டரின் பச்சை மை. வரி வலது பக்கம் மேலே ஏறியிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இந்தப் பத்து விரலாலும் அடித்தவன் நான். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு அடிக்கிறேன். கண்ணில் வாங்கி விரலில் விடுகிறேன், நடுவில் மனசு என்று ஒன்று அதைத் தொடுவதே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

“இல்ல அண்ணே” என்றேன்.

“சர்தான்” என்றார் அவர்.

டிரஸ்டுக்கு உதவும் இன்னொரு டாக்டரை சிஸ்டர் போனில் பிடித்தார். நோயாளியைப் பார்க்காதவர், தாளையும் பார்க்காதவர். அவரால் என்ன சொல்ல முடியும்? கண்ணில் ரத்தம் என்றால் ஹெப்பரின் இல்லாமலே ஓட்டுங்கள், உறைந்தால் நிறுத்திவிடுங்கள் என்றார். அதுதான் பத்திரம் என்று சிஸ்டரும் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பிறகு மெஷின் கத்த ஆரம்பித்தது. பில்டரில் சிவப்பாக இருந்த ரத்தம் கருத்துக்கொண்டே வந்தது. சிஸ்டர் உப்புத் தண்ணீர் விட்டுத் தள்ளிப் பார்த்தார். தள்ள முடியவில்லை. உறைந்துவிட்டது. பில்டரிலும் குழாயிலும் இருந்த ரத்தத்தைத் திரும்ப உடம்புக்கு ஏற்ற முடியாது, அப்படியே கழற்றிப் போட வேண்டியதுதான். ஒரு டம்ளர் ரத்தம் இருக்கும். ரத்தம் ஏற்கெனவே குறைந்து வெளுத்துப் போயிருந்த மனிதர்.

சிஸ்டர் அதை மஞ்சள் பையில் போட்டுக் கட்டும்போது ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“போகிக்கு என்னியும் சேத்து கொளுத்திட்டே போல சார்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனைவி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “நல்ல நாள் அதுவுமா இன்னா பேச்சு இது? எயுந்திரு, பால் திரிஞ்சிடப் போவுது” என்றார். கால் வீக்கம் பாதிகூட வடியாமல், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து போனதைப் பார்த்தேன். மஞ்சள் கொத்தை அந்த அம்மா என் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோ போய்விட்டது.

அன்று என் வீட்டிலும் பால் பொங்கியது. பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். என் வாய் திறக்கவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். அந்த மஞ்சள் கொத்தைக் காட்டி, இது நம் பானைக்கு இல்லை, தனியாக வை என்று மட்டும் சொன்னேன். அம்மன் முன்னால் நெடுநேரம் நின்றேன். நல்லது என்று நினைத்துத்தானே செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்புதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் மலை இறங்கி, சாவி இருக்கிற இடத்தை வீட்டிலிருந்த தன் தம்பியிடம் போனில் சொல்லி, ஆபீஸ் மெயினைப் போட வைத்தார். மாட்டுப் பொங்கல் என்றும் பார்க்காமல் மையத்துக்கு ஓடினேன். என் ஐடியை அடித்தேன், ஒன்றுமே நடக்காதது போல உள்ளே விட்டது. அந்த வரியை எடுத்தேன். ஹெப்பரின், பாதி அளவு. அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. கீழே, பதிவு செய்தவர் என்று இறந்தவரின் பெயர். செவ்வாய்க்கிழமை நான் அவர் பெயரில்தானே நுழைந்திருந்தேன். நான் வழியனுப்பியவர் எங்கேயும் போகவில்லை, நான் மறந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அங்கேயே இருந்தார்.

சாயங்காலம் இன்ஜினீயர் ஊரிலிருந்தபடியே அந்த அட்மின் ஐடியைத் திரும்பவும் போட்டுக் கொடுத்தார். “என்ன பேர் வைக்கட்டும் சார்?” என்றார். பழைய பெயரையே வைக்கச் சொன்னேன். பாஸ்வேர்ட் அம்மன் படத்துக்குப் பின்னால் கவரில் இருக்கிறது.

சனிக்கிழமை ஆட்டோக்காரர் வந்தார். இரண்டு ராத்திரியும் படுக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டே தூங்கினாராம். மஞ்சள் கொத்தை அவர் மனைவியிடம் கொடுத்தேன். வாடியிருந்தது, வாங்கிக்கொண்டார்.

“தொறந்துச்சா பொட்டி?” என்றார் ஆட்டோக்காரர்.

“தொறந்துடுச்சு அண்ணே.”

“இன்னா இருந்துச்சு அதுல?”

பொய் சொல்லியிருக்கலாம். மருந்து வேண்டாம் என்றுதான் இருந்தது, நாம் செய்தது சரிதான் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

“பாதி” என்றேன்.

தன் உள்ளங்கையைப் பார்த்தார். “பாதி போட்டிருந்தா உறைஞ்சிருக்காதுல்ல?”

“தெரியல அண்ணே. உறையாம இருந்திருக்கலாம்.”

போய்ப் படுத்துக் கையை நீட்டினார்.

அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கட்டிலுக்குப் போகும் முன் என் மேசை முன்னால் நிற்கிறார். திரையைக் கையால் மறைத்துக்கொள்கிறார். “சொல்லு சார், எனுக்கு எவ்ளோ?” என்கிறார். நான் பார்க்காமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் கையை எடுப்பார். இதுவரை ஒரு தடவையும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் காலை ஐந்து மணிக்கு, சேக்காட்டில் குளித்துவிட்டு விளக்கேற்றும்போது, சாமி பெயருக்கு முன்னால் அந்த எண்தான் என் வாயில் வருகிறது.