மத்தியானத்தில் அலறிய மோடம்

படிப்பு முடித்த வருடம் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. துடியலூர் ஆபீஸில் நான்கு கம்ப்யூட்டர்கள், அவிநாசிப் பக்கம் முதலாளியின் நூல் மில்லில் மூன்று. இரண்டு கூட்டத்தையும் டெலிபோன் லைன் வழியாக ஒன்று சேர்க்க வேண்டும். ஆபீஸில் யாராவது மில்லின் ஃபைலைக் கேட்டால், லைனில் மாட்டியிருக்கும் மோடம் தானே கீச்சென்று அலறி டயல் செய்யும். வேலை முடிந்தால் தானே துண்டித்துவிடும். மில்லின் ஸ்டாக் முதன்முதலாகத் துடியலூர்த் திரையில் வந்தபோது நான் கைதட்டிவிட்டேன். முதலாளி கைதட்டவில்லை.

"அங்கிருக்கறது இங்க வருதுன்னா, இங்கிருந்து வெளிய போகாதா கண்ணு?"

"போகாதுங்க" என்றேன், யோசிக்காமலே.

மூன்றாவது வாரம் ஒரு நூல் வியாபாரி, நாங்கள் வாய் திறக்கும் முன்பே எங்கள் விலையைச் சொன்னார். விலைப்பட்டியல் மில் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, யார் எடுத்தார்கள் என்று பார்க்கச் சொன்னார். மோடத்தின் பதிவைத் திறந்தேன். தினமும் மதியம் ஒரு மணிக்கு மேல் மில்லுக்கு இரண்டு மூன்று அழைப்புகள். அந்நேரம் எல்லோரும் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்கள். டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுவரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அக்கா மட்டும் இருப்பார். யாரும் கேட்காமல் மோடம் டயல் செய்யாது, அமைத்தவனே நான்தான். அதையே சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கெழமையோட அந்தம்மணிய வேலைய விட்டு நிறுத்திப்போடலாம். லெட்டர் அடிச்சு வெச்சுட்டேன். நீ ஒருக்கா கண்ணால பாத்துச் சொல்லு."

வியாழக்கிழமை சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, சைக்கிள் ஸ்டாண்ட் பக்க ஜன்னலருகில் நின்றேன். அக்கா கண்களை மூடினார். உதடுகள் மட்டும் அசைந்தன. யாரிடம் பேசுகிறார்? ஒயர் ஏதும் காதுக்குப் போகிறதா என்றுகூடப் பார்த்தேன். சிலுவை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தார். ஜெபம்தான். அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. தப்பு செய்கிறவர்கள் ஜெபிக்க மாட்டார்களா என்ன?

மோடம் அலற ஆரம்பித்தது.

அக்காவின் வலது கை முழுக்கத் தயிர்சாதம், இடது கையில் தண்ணீர் பாட்டில். கீபோர்டு மூன்று முழம் தள்ளி இருந்தது. மோடத்தைத் திரும்பிப் பார்த்து, "உனக்கும் பசிக்குதாட்ட இருக்குது" என்றார்.

உள்ளே ஓடி அவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததும்தான் புரிந்தது. பெருமைக்காக, அவர் கம்ப்யூட்டரிலிருந்தே மில் பிரிண்டரில் அச்சடிக்கும்படி ஆரம்பத்திலேயே நிரந்தரமாக இணைத்துவைத்திருந்தேன். பிரிண்டர் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தானாகவே அடிக்கடி தேடும்; அந்தத் தேடலுக்கே மோடம் டயல் செய்யும். ஆபீஸுக்கு இருந்தது ஒரே லைன். மற்ற நேரமெல்லாம் யாராவது போனில் இருப்பார்கள். சாப்பாட்டு வேளையில்தான் மோடத்துக்கு லைன் கிடைத்திருக்கிறது. அந்தப் பிரிண்டர் இணைப்பை எடுத்தேன். அரை மணி நேரம் காத்திருந்தும் சத்தமே இல்லை.

சாயங்காலம் முதலாளியிடம், "தப்பு என்னுதுங்க" என்றேன்.

"அப்ப வெலைய வெளிய சொன்னது யாரு?"

"தெரியலீங்க."

"தெரியலையா, சொல்ல மனசில்லையா?" லெட்டரைக் கிழிக்காமல் மேஜை டிராயரில் போட்டார்.

வெளியே வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஜன்னல்கிட்ட எவ்வளவு நேரமா நின்னீங்க?"

"கால் மணி நேரமுங்க."

மறுநாளிலிருந்து ஒரு மணி ஆனால் டிபன் பாக்ஸோடு ரோட்டுக்கு எதிரே பேக்கரி பெஞ்சுக்குப் போய்விடுவார். நாலு பேர் பார்க்கிற இடம் அது. ஆபீஸில் அவர் தனியாக இருந்து நான் அதன்பின் பார்த்ததில்லை.