மூன்றாவது ஆட்டம்

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த ரூமில், ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். சோலையப்பன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பாட்டு சரணத்துக்குள் நுழைந்த நேரம் பட்டென்று அறுந்தது. கரகரவென்று ஓர் இரைச்சல். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் ஒரு பெண்குரல்.

"ஏங்க, நான்தான் பேசுறேன். விழுகுதா?"

அல் ஐன் ஊரின் சனாயாவில், அதாவது தொழிற்பேட்டையில், இருநூறு ஆண்கள் தங்கும் கேம்ப் அது. அங்கே பெண்குரல் என்றால் பாட்டில்தான், படத்தில்தான். சோலையப்பனின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. குரல் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போயிற்று; பலகை வழியாகத் தெளிவாக விழவில்லை. அப்புறம் ஓங்கி வந்தது.

"அந்தக் கேப்டனைத் திரும்பக் கப்பல்ல ஏத்திப்புடாதீக, சொல்லிப்புட்டேன்."

வெங்காயம் உருண்டது. வீரம்மாள்! அவன் பெண்டாட்டி! ஆயிரத்தெண்ணூறு மைலுக்கு அந்தப் பக்கம், திருவாடானைச் சீமையில் இருக்கிறவள், அடுத்த ரூம் பன்னீர்செல்வத்தின் டேப்பில் பேசிக்கொண்டிருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். உள்ளே பன்னீர்செல்வம் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் ரூம்காரர்கள் இரண்டு பேர் கட்டிலிலிருந்து பாதி எழுந்த நிலையில் இருந்தார்கள்.

"அண்ணே, ஆத்தா சத்தியமா எம் பாட்டு கேசட்டுன்னு நெனச்சுத்தாண்ணே போட்டேன். பாருங்க, மேல பாட்டு பேருதான் எழுதியிருக்கு. மொதப் பாட்டும் பாடுச்சு."

"இது எப்படா வந்துச்சு?"

"லீவு முடிஞ்சு வர்றப்ப அண்ணி குடுத்தாக பாருங்க, கருவாடு, ஊறுகாய்ப் பார்சல். அதுமேல இருந்துச்சு. நான் ஊருல பத்துப் பதினஞ்சு பாட்டு கேசட் வாங்கியிருந்தேனா, அதுல ஒண்ணு வெளிய விழுந்து கெடக்குன்னு எடுத்து என் பையில போட்டுட்டேண்ணே."

"நீ வந்து மூணு வாரமாச்சேடா."

பன்னீர்செல்வம் டேப்பை நிறுத்தி, கேசட்டை எடுத்து நீட்டினான். அவனுக்கு அடுத்த விஷயமும் தெரியும். கேம்ப் முழுக்கவே தெரியும். மூன்று நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, சோலையப்பன் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

சோலையப்பனின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் தோற்றவன். கல்யாணமாகி நாற்பதாவது நாள் விமானம் ஏறியவன். அது எண்பத்தாறு. இப்போது தொண்ணூற்று நான்கு. எட்டு வருஷத்தில் இரண்டே லீவு. ஒவ்வொன்றும் இரண்டு மாதம். கட்டடக் கம்பெனி ஆபீசில் டீ போட்டு, கோப்பை கழுவி, ஃபைல் தூக்குகிற வேலை. ஆபீஸ் பாய் என்பார்கள். பாய்க்கு முப்பத்து நான்கு வயது. காதோரம் நரைத்துவிட்டது.

கடைசி லீவை அவனால் மறக்க முடியவில்லை. விருந்தாளிக்கு வைப்பதுபோல் வீரம்மாள் அவன் முன்னால் காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவனும் விருந்தாளி மாதிரியே குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைப்பான். என்ன பேசுவது? இங்கே வெயில் என்பான். அங்கேயும் வெயில்தான் என்பாள். அத்தோடு தீர்ந்தது. மகள் விஜி அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். இரண்டு மாதமும் இப்படியே போயிற்று.

கேசட்டிலும் அதே கதிதான். கடிதம் எழுதினால் வீரம்மாள் வேறு யாரையாவது படிக்கச் சொல்ல வேண்டும். அதனால் அவன் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவான். ஐந்து நிமிஷம் நலம் விசாரிப்பான். மீதி ஐம்பத்தைந்து நிமிஷம் ஏசி இரைச்சல்தான் ஓடும்.

அப்போதுதான் அந்தப் புத்தகம் கிடைத்தது. கம்பெனியின் இங்கிலீஷ் இன்ஜினீயர் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, அவருடைய மேடம் ஒரு பெட்டிப் புத்தகங்களைக் குப்பையோரம் வைத்துவிட்டுப் போனாள். மேலே கிடந்ததை எடுத்து வந்தான். அட்டையில் கழுத்து இறங்கிய பட்டு கவுன் போட்ட ஒரு பெண், நீலக் கோட்டு மாட்டிய ஒரு கப்பல்காரனின் கையில் சாய்ந்திருந்தாள். கேம்ப்பில் ஒரு வாரம் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் காக்கித் தாளில் அட்டை போட்டுக்கொண்டான்.

டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு பக்கம். ஜார்ஜ் ராஜா காலத்து லண்டன். ஊரெல்லாம் குதிரை வண்டி, மாளிகையெல்லாம் மெழுகுவர்த்தி. லவீனியா என்று ஒரு பெண். அழகு உண்டு, வாய் அதைவிட உண்டு, சீதனம் மட்டும் இல்லை. தார்ன்பி என்று ஒரு கப்பல் கேப்டன். கடலில் புலி, பெண்கள் முன்னால் ஊமை. முதல் விருந்திலேயே அவள் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்கக் குனிந்து, அவள் அத்தையின் தலைமேல் பழரசத்தைக் கொட்டிவிடுகிறான். புரியாத இடங்களைச் சோலையப்பன் தானாகவே இட்டு நிரப்பினான். பேச ஒன்றுமில்லாத அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்தில் கேப்டன் பேச ஆரம்பித்தான்.

திரும்பி வந்த கேசட்டைக் கேட்டு அவன் திகைத்துப் போனான். வீரம்மாள் சிரித்தாள்! கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டதில்லை.

"அந்த அத்தைக்காரிக்கு நல்லா வேணும். ஏங்க, ஒண்ணு கேக்குறேன். வயசுப் புள்ளைக ஆம்பளை கையைப் புடிச்சுக்கிட்டு ஆடுதுக, பெத்தவுக சுத்தி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காக. இது என்னங்க ஊரு? எங்க ஆத்தாளா இருந்தா வெளக்குமாத்தை எடுத்திருக்கும்."

அதற்கு அவன் அடுத்த கேசட்டில் விளக்கம் சொன்னான். ஆடலாம், ஆனால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு விருந்தில் ஒருத்தியோடு இரண்டு ஆட்டம்தான். மூன்றாவது ஆட்டத்துக்கு ஒருவன் கை நீட்டிவிட்டால், கட்டிக்கொள்ளப் போகிறான் என்று சபையே முடிவு கட்டிவிடும். அதனால் கேப்டன் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, சுவரோரம் நின்று ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, ராத்திரியே கப்பலுக்குத் திரும்பிவிடுவான்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. பன்னீர்செல்வம் லீவில் கிளம்பியபோது கொடுத்தனுப்பிய கேசட்டில், கதைக்கு முன்னால், சோலையப்பன் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டான்.

"கான்ட்ராக்ட் முடியப் போகுது வீரம்மா. போதும்னு வந்துரவா? இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவா? நான் வந்தா உனக்கு எடைஞ்சலா இருக்குமோன்னு ஒரு பயம். நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யிறேன்."

கருவாடு வந்தது. ஊறுகாய் வந்தது. பதில் வரவில்லை. ஊரில் போன் இருந்தது பஞ்சாயத்து ஆபீசில் மட்டும்; அதில் இதைக் கேட்க முடியுமா? மூன்று வாரம் காத்திருந்தான். 'வா' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை; 'வராதே' என்று சொல்ல மனசு வரவில்லை; அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டான்.

இப்போது கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தன் ரூமுக்கு வந்தான். கூட இருந்தவர்கள் டவுனுக்குப் போயிருந்தார்கள். டேப்பைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் குறைத்து, காதை ஒட்ட வைத்துக்கொண்டான்.

"ஏங்க, நான்தான் பேசுறேன். விழுகுதா? இங்க புது கேசட்டு கெடைக்கலை. பழைய பாட்டு கேசட்டுலதான் பேசுறேன். மொதப் பாட்டு விஜிக்குப் பிடிச்சது, அழிக்காதம்மான்னு அழுதுச்சு, விட்டுட்டேன்.

"நீங்க கேட்டதுக்கு நேரா எப்படிங்க பதில் சொல்லுவேன்? உங்க ஆத்தா பக்கத்துலயே உக்காந்திருக்காக. அதனால கதையைச் சொல்றேன், நீங்க புரிஞ்சுக்கங்க. அந்தக் கேப்டனைத் திரும்பக் கப்பல்ல ஏத்திப்புடாதீக, சொல்லிப்புட்டேன். கடல்ல என்னத்தக் கண்டாக? அந்தப் புள்ளை முன்னாடி பேச வரலைன்னா பேச வேணாம். சும்மா உக்காந்திருக்கட்டும். ரெண்டு பேருக்கும் பேச்சு தானா வரும். வராட்டியும் என்ன?

"ரெண்டு ஆட்டம் ஆடியாச்சுல்ல? மூணாவது ஆட்டத்துக்கு வரச் சொல்லுங்க. ஊரு என்ன வேணா நெனச்சுக்கிடட்டும்."

பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, கேசட் அப்பாகிட்ட நானும் பேசுறேன்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அழியாமல் மிச்சமிருந்த பாட்டின் கடைசித் துணுக்கு ஓடியது.

சோலையப்பன் அழுதான். பலகைச் சுவர், அந்தப் பக்கம் கேட்டுவிடும். தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதான். ரெண்டு ஆட்டம்! தன் இரண்டு லீவையும் அவள் எண்ணி வைத்திருக்கிறாள்! விருந்தாளிபோல் காபி வைத்தாளே, அந்த மௌனத்துக்குள் இத்தனை இருந்ததா? அடி பாவி மகளே, ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?

சனிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் விசா வேலை பார்க்கும் மலையாளி அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றான். அவர் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

"சோலை, விசா அடிச்சு வந்தாச்சு. கலாஸ், முடிஞ்சது. இனி ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசலாம். அதுக்கு நடுவுல லீவும் மாஃபி, கிடையாது. என்ன, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஒரு சுலைமானி டீ கொண்டு வா."

கொண்டுபோய் வைத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான்.

கேம்ப் வாசலில் பக்காலா என்ற மளிகைக்கடை வைத்திருக்கும் மீராசா பாய் செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். தொண்டிக்காரர். வீரம்மாளின் ஊர் அவர் போகிற வழியில்தான். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து கேசட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை டூட்டி முடிந்து வந்த சோலையப்பன் புது கேசட்டைப் போட்டு, புத்தகத்தைப் பிரித்தான். கடைசி அத்தியாயத்தை அவன் எப்போதோ படித்து முடித்துவிட்டான். இருநூற்றெண்பதாவது பக்கத்தில் கேப்டன் கப்பலை ராஜாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு, நனைந்த கோட்டோடு விருந்து மண்டபத்துக்குள் நுழைகிறான். அத்தை மயங்கி விழுகிறாள். சபை வாயடைத்து நிற்க, லவீனியாவின் முன்னால் போய் மூன்றாவது ஆட்டத்துக்குக் கை நீட்டுகிறான். எவ்வளவு அழகான முடிவு! இதைச் சொல்வதற்காகத்தான் ஒன்றரை வருஷம் காத்திருந்தான்.

"கேப்டன் கரையில எறங்கிட்டாரு வீரம்மா" என்று ஆரம்பித்தான். டேப்பை நிறுத்தினான். அழித்தான்.

இதைக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? விஜிக்குத் தலை சீவி, வாசலைப் பார்த்து நிற்க மாட்டாளா? பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்க மாட்டாளா? எத்தனை நாள்? எழுநூற்று முப்பது நாளா?

மறுபடி பொத்தானை அழுத்தினான். "கேப்டன் திரும்பக் கப்பலேறிட்டாரு" என்றான். அதையும் அழித்தான். பழியை அந்த வெள்ளைக்காரன் தலையில் போட்டுத் தப்பிப்பதா?

மூன்றாவது தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசினான்.

"வீரம்மா, இது கதை இல்ல. நான் சோலையப்பன் பேசுறேன். உன் கேசட்டு என் கைக்கு வர்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். பன்னீரு மேல கோவப்படாத. நீ பதில் சொல்லலைன்னு நெனச்சேன். நீ பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு எட்டு வருஷத்துல நான் கத்துக்கலை. தப்பு என்னோடது. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

"புத்தகத்துல முடிவு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை நான் இப்பச் சொல்ல மாட்டேன். வந்து உம் முன்னாடி உக்காந்துதான் சொல்லுவேன். அதுவரைக்கும் மிச்சக் கதையை நீ சொல்லு. கேப்டன் மறுபடி போயிட்டான்னு தெரிஞ்சதும் அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு? அழுதுச்சா? கண்டபடி வஞ்சுச்சா? இவன் சகவாசமே வேணாம்னு வேற எவனோடயும் ஆடப் போயிருச்சா? எதுன்னாலும் சொல்லு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். விஜியையும் பேசச் சொல்லு."

கேசட்டை எடுத்துப் பெயர் எழுதி முடித்த நேரம் கதவு தட்டப்பட்டது. மீராசா பாய் அத்தர் மணக்க உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"என்னப்பா சோலை, ரெடியா? பெட்டியில இனி ஊசி போட எடமில்ல. கேசட்டுன்னா சரி. கம்பளி, கிம்பளின்னு எடுத்தே, ஓடிப் போயிருவேன்."

"கேசட்டு மட்டும்தான் பாய்."

மேலே கொட்டை எழுத்தில் 'வீரம்மாள்' என்று எழுதி, அதைச் சுற்றி மூன்று தடவை செலோடேப் ஒட்டியிருந்தான். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாட்டுன்னு எவனும் போட்டுர முடியாது. நல்ல வேலை பண்ணியிருக்கே. அது சரி, உன் கதைதான் கேம்ப் முழுக்க நாறுதே. என் கடைக்கு பீடி வாங்க வர்ற பயலுவ எல்லாம் அதையே பேசுறானுவ. அந்தக் கேப்டனுக்கும் புள்ளைக்கும் நிக்காஹ் முடிஞ்சுதா, இல்லையா?"

"இன்னும் இல்ல பாய்."

"இன்னுமா? என்னப்பா இது, எங்க சொத்துக் கேஸு மாதிரி இழுக்குறே." சிரித்துக்கொண்டே சொன்னவர், சோலையப்பனின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். கேசட்டைப் பையில் போடவில்லை. ஜிப்பாவின் உள்பையில், நெஞ்சோரம் வைத்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரி கையிலேயே குடுக்குறேன். ஒரு மாசத்துல திரும்பிருவேன். பதில் கேசட்டை வாங்காம பஸ் ஏற மாட்டேன், இன்ஷா அல்லா. போதுமா?"

"அவ குடுத்தா வாங்கிட்டு வாங்க பாய்."

"குடுக்காம எங்கப்பா போவா?"

சோலையப்பன் காக்கித்தாள் அட்டை போட்ட புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

பாய் வாசல்வரை போய் ஒரு கணம் நின்றார். "கதவைச் சாத்திக்க தம்பி, ஏசி குளிரெல்லாம் வெளிய போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மணலில் இறங்கி நடந்தார்.

சோலையப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.