கை நனைத்துவிட்டுப் போனவர்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், மிஞ்சிப் போனால் ஒரு கரண்டி கேசரியை வாயில் போடுவார்கள். சோற்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. திருநெல்வேலி டவுனில் இருக்கும் ஐயம்பெருமாளுக்கு வேறு எந்தச் சாஸ்திரத்தின் மேலும் இவ்வளவு பிடிப்புக் கிடையாது. பத்து வருசமாக அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

ஒரே மகள் சித்ரலேகாவுக்கு வயது முப்பத்தைந்து. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லட்சணத்தில் என்ன குறை, படிப்பில் என்ன குறை? ஜாதகத்தில் செவ்வாய் உட்காரக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அது போதாதா நம் ஆட்களுக்கு! இதுவரை வந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் காப்பியோடு எழுந்தார்கள். "ஊருக்குப் போய்ச் சொல்லுதோம்" என்று கும்பிட்டார்கள். ஐயம்பெருமாள் பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று எழுதி ஓய்வு பெற்றவர். ஏறினாலும் இறங்கினாலும் முகம் மாறாமல் எழுதிய மனுசன். மகள் விஷயத்தில் அந்த முகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய பிறகு ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.

ஐந்தாவது ஆள் போன பிறகு சித்ராதான் சொன்னாள். "இனிமே யாரும் வீட்டுக்கு வர வேண்டாம்ப்பா. தெருவே வாசல்ல நின்னு வார காரை எண்ணுது. ஓட்டல்ல வச்சுப் பாத்துக்கிடட்டும்."

அன்றிலிருந்து வண்ணார்பேட்டையில் ஒரு சைவ ஓட்டல், மாடியில் ஏசி ஹால், ஜன்னலோர மேசை. இவர்கள் படியேறும்போதே சர்வர் அந்த மேசையைத் துடைக்கும் அளவுக்கு முகம் பழகிப்போயிற்று. இப்படியா ஒரு ஓட்டலுக்கு வாடிக்கை ஆக வேண்டும்!

பன்னிரண்டாவதாக வந்தவன் சிவகணேஷ். வேலை பெங்களூரில், பூர்வீகம் பாபநாசம் பக்கம். சாமி கும்பிட வந்த கையோடு பெண்ணையும் பார்த்துவிடட்டும் என்று தரகர் குமரகுருபரன் ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையனும் அவனுடைய அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போலக் காப்பி சொல்ல ஐயம்பெருமாள் கையைத் தூக்கினார்.

"காப்பி எதுக்கு அண்ணாச்சி? நேரம் ஆயிட்டுல்லா. சாப்பிட்டுருவோமே," என்றாள் பையனின் அம்மா.

தூக்கிய கை அப்படியே நின்றது. ஐயம்பெருமாள் மனைவி கோமுவைப் பார்த்தார். கோமு தலையைக் குனிந்துகொண்டாள்.

இலை வருவதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிவிட்டு வரட்டும் என்று மூலை மேசைக்கு அனுப்பினார்கள். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். சித்ராவின் முகத்தில் வழக்கமான இறுக்கம் இல்லை. மகளுக்குப் பிடித்துவிட்டது என்று அப்பா கணக்குப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஓட்டலில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுகிற விருந்தல்லவா அது! 'மாப்பிள்ளைச் சொதி' என்று பெயரே உண்டு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அந்த அம்மாள் சோற்றில் குழியடித்து அதை ஊற்றிச் சாப்பிட்டாள். "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க" என்று வேறு கேட்டாள். ஐயம்பெருமாள் தன் இலையை மறந்துவிட்டார். "இங்கன ஊத்துங்க, இங்கன அப்பளம் வைங்க" என்று சர்வரைப் போட்டு விரட்டினார். பில்லைப் பையன் எடுக்கப் போனபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

திரும்பி வருகிற ஆட்டோவில் கோமு மெல்லக் கேட்டாள். "ஏங்க, ஓட்டல்ல தின்னது கை நனைச்சதுல சேருமா?"

"சேராம? யாரு குடுத்த சோறு அது? நான் குடுத்தது. ஓட்டல்ல தின்னா வாய் வேறயா வயிறு வேறயா? நல்ல நேரத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா கெட."

அதற்கு அப்புறம் நாலு நாள் ஐயம்பெருமாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, "சொதி ஊத்திச் சாப்பிட்டாவட்டி! ரெண்டு தடவ கேட்டு வாங்கி!" என்று சொல்லிச் சிரித்தார். நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனை செய்தார். கல்யாண மண்டபத்துக்குப் போய்த் தை மாசத்தில் எந்தெந்த நாள் காலி என்று குறித்துக்கொண்டு வந்தார். பத்து வருசமாக மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிற மனுசன் விடிந்த பிறகும் தூங்கினார்.

"மண்டபம் டவுன்லயே பாப்பமா, இல்ல பாளையங்கோட்டையிலயா?" என்று மகளிடம் கேட்டார்.

"உங்களுக்கு எது தோதோ அதப் பாருங்கப்பா," என்றாள் அவள், திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல். வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் தரகர் ஃபோன் செய்தார். "அண்ணாச்சி, சங்கடப்படாதிய. இது தோதுப்படாதுன்னுட்டாவ."

"என்ன வே பேசுதீரு? கை நனைச்சுட்டுல்லா போயிருக்காவ!"

"ஓட்டல்ல தின்னதெல்லாம் அதுல சேருமா அண்ணாச்சி? அந்தம்மாவுக்குச் சுகரு. சாமி கும்பிடணும்னு காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம வந்திருக்காவ. பசி, சாப்பிட்டாவ. பெங்களூர்ல இருக்கவங்களுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு?"

பசி! உலகத்தில் எல்லோருக்கும் வருகிறதுதான். ஐயம்பெருமாளுக்கு அந்தக் காரணம் மட்டும் தோன்றவே இல்லை. ஃபோனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கு நேர்ந்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பதினோரு தடவையும் 'பார்ப்போம்' என்றுதான் சொல்லியிருந்தார். இந்தத் தடவை முடிந்துவிட்டது என்று சொல்லி, மண்டபம் வரைக்கும் பேசி, அவள் மனசில் ஆசையை வளர்த்துவிட்டோமே, பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சித்ரா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே அவர் சொல்லிவிட்டார். "ஏட்டி, அவங்க வேண்டாம்னுட்டாவ. நான்தான் கிறுக்குத்தனமா..."

"எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"மூலை மேசைக்குப் போனதும் அந்தப் பையன் சொல்லிட்டான். பெங்களூர்ல ஒரு பொண்ண விரும்புதேன், அம்மா சம்மதிக்க மாட்டேங்கா, நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான். நானும் சரின்னுட்டேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். நான் சொல்லலன்னதும் அவனே அவங்கம்மாட்ட சொல்லிருப்பான்."

"பெறவு ஏன்ட்டி சொல்லல?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "நீங்க சட்டையக்கூடக் கழத்தாம அத்தைக்கு ஃபோன் போட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்திய. நீங்க அப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தனை வருசம் ஆச்சு? சொல்ல மனசு வரலப்பா. தெரியும்போது தெரியட்டும், அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அடுக்களை வாசலில் நின்ற கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு நாளும் மண்டபம், முகூர்த்தம், பந்தி என்று தான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், மகள் சொன்ன ஒவ்வொரு பதிலும் ஐயம்பெருமாளுக்கு வரிசையாக வந்து நெஞ்சை அறுத்தது. இவளுக்கு நாம் ஆறுதலாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோமே! பெற்ற பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்று பத்து வருசமாக வைராக்கியமாக இருந்தவர், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். சித்ரா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவருடைய முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். "அழாதீங்கப்பா, நாலு நாளு நல்லாத்தானே இருந்திய," என்றாள்.