ஆறு மணிக்கு வருகிறவர்

மாமாவைப் பார்க்க ஆறு மணிக்கு ஒருவர் வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. விருந்தாளி என்றால் கட்டாயம் பிஸ்கட்டோடுதான் வருவார் என்பது என் அனுபவம்.

மாமா, அம்மாவின் தம்பி. பக்கத்தில் யாருமில்லாதபோதும் யாரோ திட்டுவது அவர் காதில் விழும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் சரிவராமல், சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் விட்டிருந்தார்கள். அவரைப் போன்ற சிலர் சேர்ந்து சமைத்து, மாத்திரை போட்டு, கேரம் ஆடி இருக்கிற வீடு. கூடமாட இருக்க ஓர் அக்கா. வாசலுக்குப் பூட்டில்லை என்பதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்குப் போய்ப் பாப்பேன். சரியில்லன்னா திரும்ப ஆஸ்பத்திரிதான்" என்று கடலூரில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார். எனக்கோ, அந்த வீட்டார் அன்று பிச்சாவரம் போகிறார்கள், நாங்களும் போகிறோம் என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் நான் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. எல்லோரும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் மாமா சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

"வந்துட்டானா?" என்று அக்கா நிதானமாகக் கேட்டார்.

மாமா தலையாட்டினார். பிறகு மரங்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "யோவ், நான் படகுல போய்க்கிட்டிருக்கேன். ஆறு மணிக்கு வா, பேசிக்கலாம்!"

அவ்வளவுதான். காதிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் படகுக்காரரிடம் துடுப்பு கேட்டார்.

"யாரு மாமா வர்றாங்க?"

"ஒருத்தன், பாப்பா. ஓயாம பேசுவான். அதான் டைம் குடுத்து வெச்சிருக்கேன்."

வீடு திரும்பியதும் தலை சீவிக்கொண்டு, தட்டில் முறுக்கு எடுத்து வைத்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்கு மாமா பப்பாளி மரத்தடியில் நாற்காலி போட்டு, தானாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருமுறை, "அது பொய்" என்று அதட்டினார். பிறகு எழுந்து வந்து, "போய்ட்டான்" என்றார்.

"பொய்! யாருமே வரல. நான் இங்கயேதான இருக்கேன்!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கும் ஆறு மணிதானா?"

"ஆமா மச்சான்."

"சரி. அடுத்த மாசம் வர்றோம். உடம்பப் பாத்துக்க."

அம்மா சிரித்தார், அழுதார், என் தட்டைப் பிடுங்கி முறுக்கை எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வருகிறேன் என்றவர் வந்து தலைகூடக் காட்டவில்லை, இதில் இந்த அம்மாவுக்கு அப்படி என்ன கொண்டாட்டம்?