இல்லை என்று ஒரு வரி

2005-இல் நான் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். மனச்சிதைவு நோய் ஏன் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று மரபணுக்களில் தேடிக்கொண்டிருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நோய் இருந்தால், எங்களுக்கு அந்த வீடு முக்கியம். அப்படித்தான் மரக்காணத்தில் ஓர் உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்கு வேனில் போனேன்.

இரண்டு மகன்களுக்கும் நோய். கடைசிப் பெண்ணுக்கு இல்லை; ஒப்பிட்டுப் பார்க்க அவள் ரத்தமும் வேண்டும். இது ஆராய்ச்சிதான், உங்களுக்கு உடனே பலன் இருக்காது என்று படிவத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தார். ஊசி ஏறும்போது மூத்தவன் கேட்டான்: "ரத்தத்தோட காதுல கேக்குற அந்தக் குரலும் வெளிய வந்துடுமா மேடம்?"

"வராதுப்பா" என்றேன். அவன் மறு கையையும் நீட்டினான்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் தனியாகப் பஸ் ஏறி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"கிளியனூர்ல எனக்கு நிச்சயம் ஆயிருந்துச்சுக்கா. உங்க வண்டி வந்தத யாரோ மாப்பிள்ள வீட்டுல சொல்லிட்டாங்க. அண்ணனுங்களுக்கு இருக்குறது பொண்ணுக்கும் வருமான்னு கேக்குறாங்க. என் ரத்தத்துல அது இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

பேராசிரியரிடம் அழைத்துப்போனேன். நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், ஒருத்தருக்கு வருமா வராதா என்று சொல்ல முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப எங்க வீட்டுக்கு எதுக்கு சார் வந்தீங்க?"

"தெரியாதத எழுத முடியாதும்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்றைக்கு டியூப்களில் எண் ஒட்டும் வேலையை மூன்று முறை தப்பாகச் செய்தேன்.

கல்யாணம் நின்றுபோனது. அடுத்த வருடம் அதே வீட்டில் மறுபடி ரத்த மாதிரி எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். வேனை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவள் கரையேறி வந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சின்ன அண்ணனுக்கு மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சு என்றாள். அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை மாத்திரை கொடுப்பார்கள் என்று சொன்னேன்.

"அது தெரியும்க்கா. அடம் பிடிக்கிறவன அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகத்தான் ஆள் இல்லை. வண்டில நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

இன்னும் இரண்டு வீடுகளில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ரத்த டியூப்கள் இருந்த பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் சென்னை திரும்பியாக வேண்டும். அதைத்தான் சொன்னேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு உப்புப் பாத்திக்குள் இறங்கினாள்.