பசி ஹோர்மோனும் பனி தள்ளும் மெசினும்

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காவது மாடியில் குடியிருக்கும் நான், ஒரு தவக்காலத்தில் பனி தள்ளும் மெசின் ஒன்று வாங்கினேன். குற்றம் என் மூளையுடையது என்று இரண்டு மாதம் நம்பியிருந்தேன்.

பசி மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு ஆட்கள் தேவை என எங்கள் லிஃப்ட் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. முதல் நாள் இரவிலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது. தவக்காலத்தில் ஒருசந்தி உபவாசம் இருந்து பழகியவன் நான் என்று போனில் பெருமையாகச் சொன்னேன். போகிற வழியில் இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டேன். அன்று இறைச்சி தொடக்கூடாத வெள்ளிக்கிழமை என்பது இரண்டாவது ரோலில்தான் நினைவுக்கு வந்தது.

ஆய்வு செய்த பெண் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்த பிள்ளை. என் நரம்பில் ஏதோ ஏற்றி, ஸ்கேன் மெசினுக்குள் படுக்கவைத்து, கேக், செருப்பு, பீட்சா, கதிரை என்று படம் படமாகக் காட்டினார். சிலருக்குப் பசி ஹோர்மோன், சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். எழும்பி வந்ததும் விளக்கம் கேட்டேன்.

"வயிறு காலியா இருந்தா கிரெலின் எண்ட ஹோர்மோன் கூடும், அங்கிள். அது மூளையில டோபமின் நியூரோன்களை உசுப்பும். பிறகு சாப்பாடு மட்டுமில்லை, வேற சாமானும் வேணும் போல இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்' என் காதில் ஏறவில்லை. வெளியே வந்தபோது கண்டதெல்லாம் வேண்டும் போலிருந்தது. பக்கத்துக் கடையில் குளிர்காலச் சாமான்களை மலிவு விலையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி கதவைத் திறந்து, பெட்டியில் இருந்த படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"உந்த மெசினை எங்கை ஓட்டப்போறியள்? பல்கனியிலையோ?"

டோபமின் கதையைச் சொன்னேன். முப்பது வருடமாக நான் சொன்ன எதையும் நம்பாதவள், விஞ்ஞானம் என்றதும் நம்பிவிட்டாள். பாவம் மனுசன் என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள். நானும் விடவில்லை. பிரசங்கத்தின்போது தூங்கியதற்கும் நியூரோன்களைத்தான் காட்டிக்கொடுத்தேன்.

ஆய்வு முடிந்ததும் அந்தப் பிள்ளை அழைத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மனைவியும் பக்கத்தில் இருந்தாள். எனக்கு ஏற்றியது உப்புத் தண்ணீராம். உடனேயே ஆறுதலும் சொன்னார்.

"ஆனா நீங்கள் சாப்பிடாமல்தானே வந்தனீங்கள். உங்கட உடம்பே கிரெலின் சுரந்திருக்கும்."

தப்பிக்க அருமையான வழி. ஆனால் அவருடைய குரலில் இருந்த நம்பிக்கை என்னைச் சங்கடப்படுத்தியது. ரோல்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் ஸ்கேனை ஆய்விலிருந்து நீக்கவேண்டி வரும் என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

"இனி இந்த வீட்டில விஞ்ஞானம் கதைக்காதேங்கோ" என்றாள் மனைவி.

மெசினை, யூனியன்வில்லில் முற்றத்தோடு தனிவீடு வைத்திருக்கும் என் தம்பி வந்து ஏற்றிக்கொண்டு போனான். ஆய்வுக்கு ஒரு ஆள் குறைந்ததால், என்னுடைய இடத்துக்கு மனைவி தன் பெயரைக் கொடுத்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போய், ஸ்கேனுக்குள் படுத்து, அதே கடையைத் தாண்டி வெறுங்கையோடு வீடு திரும்பினாள். ஒரு தேத்தண்ணீர் மட்டும் கேட்டாள். நானே போட்டுக் கொடுத்தேன்.