கனடா அனுபவம் இல்லாதவள்

எங்கள் மூன்று பேருக்கும் கனடாவில் குடியேற அனுமதி கிடைத்ததே என் படிப்பை வைத்துத்தான். என் கணவர் ஏ.சி. மெக்கானிக், டிப்ளமோ படித்தவர். நான் எம்.காம். முடித்து, திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். விண்ணப்பத்தில் என் பெயர்தான் முதலில் இருந்தது. அவர் பெயரும் எட்டு வயது மகளின் பெயரும் அதற்குக் கீழே இருந்தன. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்த என் அப்பா, "பாரு, மாப்பிள்ளைய நீதான் இட்டுகினு போறே," என்று சிரித்தார்.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியைச் சரியான பாதையில் திருப்பிவிடுகிற வேலை. நான் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவோடுதான் இருந்தோம். காலை பாசஞ்சரில் திண்டிவனம் போவேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன்.

அரிசி மில், உரக்கடை, வேர்க்கடலை வரும் மல்லாட்டை மண்டி, டைல்ஸ் கடை என்று அந்த அலுவலகத்துக்கு வராத கணக்கு கிடையாது. கணக்கு எங்கே இடிக்கிறது என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. நான் விடைபெறப் போன அன்று ஆடிட்டர் சார், "உன்ன மாதிரி ஆள அங்க தேடிகினு வருவாங்கம்மா," என்றார். நான் அதை அப்படியே நம்பினேன்.

டொரன்டோவுக்கு வெளியே ஒரு வீட்டின் அடித்தளத்தில் குடியேறினோம். மூன்றாவது வாரமே என் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. முதல் வருடம், எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட சில இடங்களிலும் ஒரே கேள்விதான் வந்தது: கனடாவில் கணக்கு வேலை செய்த அனுபவம் உண்டா? இல்லை என்றதும் மரியாதையாகச் சிரித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, கதவு வரை வந்து வழியனுப்பினார்கள்.

ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, நகர்ந்து வரும் ரொட்டியைப் பாக்கெட்டில் தள்ளுகிற வேலை. வாரத்தில் மூன்று சாயங்காலம் ஒரு கல்லூரியில் அந்த நாட்டு வரி, சம்பளக் கணக்கு எல்லாம் படித்தேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஆனாலும் யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா போன் செய்வார். "வேல கெடச்சிச்சாம்மா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஒன்றரை வருடம் "பாத்துகினு இருக்கேம்பா" என்றே சொல்லிவந்தேன். ஒரு ஞாயிறு, கேட்பதற்கே அவர் தயங்குவது குரலில் தெரிந்தது. அதைத் தாங்க முடியாமல், "கெடச்சிடுச்சிப்பா," என்று சொல்லிவிட்டேன்.

"ஆபீஸ்தான?"

"ஆபீஸ்தாம்பா. கணக்கு வேலதான்."

"உங்கம்மா இருந்திருக்கணும்," என்றார். அந்த வாரமே திண்டிவனத்துக்கு வண்டி ஏறிப் போய் ஆடிட்டர் சாரிடமும் சொல்லிவிட்டு வந்தாராம். கோயிலில் எனக்காக நன்றிப் பூசையும் வைத்தார். என் கணவர், "ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அப்பா போன் செய்தால் அவரும் என் 'ஆபீஸ்' பற்றிக் கூச்சத்தோடு ஒரு வார்த்தை சொல்லுவார்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு சின்னக் கணக்கு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். அதை நடத்திய அம்மாள் நல்லவர். என் சான்றிதழ்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மறைக்காமல் சொல்கிறேன். இந்த வேலையை இப்போது நாங்கள் இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே நன்றாகச் செய்கிறார்கள்," என்றார். இந்தியாவில் எங்கே என்று கேட்டேன். சென்னைப் பக்கம் என்றார். வெளியே வந்து, பனியில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. "அப்பா பாத்ரூம்ல வுழுந்துட்டாரும்மா. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். நீ ஜல்தியா கெளம்பி வா." ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விமான நிலையத்தில் மகள் என் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே, "ஒரு மாசம்தானம்மா?" என்றாள். ஒரு மாசம்தான் என்றேன்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: "போ." தண்ணீர் வேண்டுமானாலும் போ. வலித்தாலும் போ. கட்டில் அருகே போய், "அப்பா, நான் வந்துட்டேன்," என்று சொன்னபோது என்னை உற்றுப் பார்த்து அவர் சொன்னதும் அதுதான். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில சமயம் ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அதற்கு அர்த்தம் தேடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் முதல் தடவை அதைக் கேட்டபோது வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் முடிந்தும் அவரை விட்டுவிட்டு வர முடியவில்லை. என் கணவர் போனில், "நீ இருந்து பாத்துக்கோ. பாப்பாவ நான் பாத்துக்கறேன். எத்தினி நாளுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லு," என்றார். நாள் கணக்கு சொன்னால் அது அப்பா எத்தனை நாள் இருப்பார் என்று சொல்வதாகிவிடும்.

அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ளத் திருவாமாத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஓர் அக்கா வந்தார். கழனி வேலை செய்து உரமேறிய கைகள். அப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி உட்கார வைப்பார். அவருக்குச் சம்பளம் தர வேண்டும், மருந்து வாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் கணவர் கையையே எதிர்பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆடிட்டர் சாரைப் பார்க்கப் போனேன். "பெரிய வேலைய வுட்டுட்டு வந்துட்டியேம்மா," என்று வருத்தப்பட்டார். நான் தலை குனிந்துகொண்டேன். பிறகு அவரே, "இங்கயே வெளிநாட்டுக் கணக்கு செய்யற ஆபீஸ் ஒண்ணு வந்திருக்கு. கனடா கணக்குகூட வருதாம். போய்ப் பாரேன்," என்றார்.

ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது அந்த அலுவலகம். இருபது கம்ப்யூட்டர் இருக்கும். பொறுப்பாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் சான்றிதழைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், இந்த கோர்ஸ கனடாவுலயே பண்ணீங்களா? அங்க மூணு வருஷம் இருந்தீங்களா? எங்க பசங்க இந்த டேக்ஸ் புரியாம பேஜாராவறாங்க. நாளைக்கே வந்துடுங்க."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடல் கடந்து போய் மூன்று வருடம் நான் கதவு கதவாகத் தட்டித் தேடிய வேலை திண்டிவனத்தில் இருந்தது. திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மயிலம், விக்கிரவாண்டி என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. முண்டியம்பாக்கம் வந்தபோதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் கேப்பைக் கூழை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே சொன்னேன். "அப்பா, எனக்கு வேல கெடச்சிருக்கு. கணக்கு வேல. நெஜமாவே." அவர் என்னைப் பார்த்தார். "அங்க கெடச்சிதுன்னு சொன்னது பொய்ப்பா. ரொட்டிக் கம்பெனில பாக்கெட் போட்டுகினு இருந்தேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொன்னேன்."

அவர் வாயோரம் கூழ் வழிந்தது. துடைக்கப் போன என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். நிறைய நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "போ," என்றார்.

பாத்திரம் எடுக்க வந்த அக்கா, "உன்ன ஏம்மா கோவிச்சிக்கறாரு?" என்று கேட்டார்.

"கோவிச்சிக்கலக்கா," என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. பல் டாக்டர்கள், முடி திருத்தும் கடைகள், கூரை போடுபவர்கள் என்று நான் கண்ணால் பார்த்திராத கனடாக்காரர்களின் கணக்கையெல்லாம் திண்டிவனத்தில் உட்கார்ந்து எழுதினேன். சில ரசீதுகளில் நான் பஸ் ஏறிய தெருவின் பெயர் வரும். ஒருமுறை என் மகளின் பள்ளிக்கு எதிரே இருக்கும் கடையின் ரசீது வந்தது. அதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளாமல் கொஞ்ச நேரம் திரையிலேயே வைத்திருந்தேன்.

காலையில் நான் கிளம்பும் நேரம் அங்கே முன்னிரவு. அப்போதுதான் மகளோடு பேசுவேன். முதலில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், போகப் போக நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒருநாள் அவள் பேசுவதற்கு முன்பே என் கணவர் போனை எடுத்து, "பாப்பா பெரிய மனுஷி ஆயிடுச்சி," என்றார். "நாலு நாளாச்சி. உங்கிட்ட சொல்ல வேணாம்னுச்சி."

"ஏன்?"

"அம்மா அழும்னு."

அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "பரவால்லம்மா. அப்பா எல்லாம் வாங்கிக் குடுத்துட்டாரு," என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் என்னைச் சமாதானப்படுத்தினாள். அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே யார் இருந்தார்கள்? அவர் எந்தக் கடையில் போய், யாரிடம், என்னவென்று கேட்டு வாங்கினார்?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா மறுநாள் தூக்கில் உளுந்தங்களி கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார். நல்லெண்ணெய் மினுமினுத்தது. "பொண்ணுக்குத்தான் குடுக்க முடியல. நீயாச்சும் துன்னு," என்றார். அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுவதும் சாப்பிட்டேன்.

அப்பா போன அன்று நான் திண்டிவனத்தில் இருந்தேன். வரி தாக்கல் செய்யும் பருவம், வேலை தலைக்கு மேல் இருந்தது. பதினொரு மணிவாக்கில் அக்கா போன் செய்து, "மூச்சு ஒரு மாதிரியா இழுக்குதும்மா," என்றார். பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காலையில் சட்டை மாற்றிவிட்டுத்தான் போயிருந்தேன். அதே சட்டையில் கிடந்தார். அவரோடு இருக்கத்தான் மகளை விட்டு வந்தேன். கடைசியில் அவரோடும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கல்லறைக்குச் சிமென்ட் பூசியாயிற்று. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். கனடாவிலிருந்தே இந்த வேலையைத் தொடரலாமா என்று கேட்டேன். பொறுப்பாளர் சங்கடப்பட்டார். "இங்க செய்யறோம்னுதான மேடம் அவங்க நமக்குக் குடுக்கறாங்க," என்றார். அதில் நியாயம் இருந்தது. இரண்டு வருடம் கனடா நாட்டுக் கணக்குகளைப் பார்த்தவர் என்று எனக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்.

திரும்பிப் போய் எட்டு மாதம் மறுபடி அதே ரொட்டிக் கம்பெனியில் இருந்தேன். அதன் பிறகு ஒரு டயர் கடைக்காரர் கூப்பிட்டார். திண்டிவனத்துக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அப்படியானால் உங்களுக்குக் கனடா அனுபவம் இருக்கிறது," என்றார். ஆமாம் என்றேன். ரப்பர் வாடை அடிக்கும் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். அடுத்த திங்கட்கிழமையே சேரச் சொன்னார்.

அன்று வீட்டில் என் கணவர் பிரியாணி செய்தார். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ அவரிடம் இந்தச் செய்தியை முன்பே சொல்லிவிட்டேன், பொய்யாக. அவரும் அதைக் கேட்டு நன்றிப் பூசை வைத்துவிட்டார்.

மகள் இப்போது என்னைவிட உயரம். மரியாதையாக இருக்கிறாள், சொன்னதைக் கேட்கிறாள். பள்ளிப் படிவத்தில் கையெழுத்து, வயிற்றுவலி, தோழியோடு சண்டை, எதுவானாலும் தன் அப்பா இருக்கும் அறையின் கதவைத்தான் தட்டுகிறாள். அவர், "அம்மாகிட்ட சொல்லு," என்று அனுப்பிவைப்பார். அவளும் என்னிடம் வந்து மறுபடி ஒருமுறை சொல்லுவாள். நான் அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.